செக்ரோலில் ஏறாத அடி



பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குச் செக்ரோல் புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார், எத்தனை ராத்தல் பால் என்பதெல்லாம் அதில் ஏறும். ஆனால் ஒருவர் வாங்கிய அடியை எழுத அதில் இடம் இருக்கவில்லை.

தோட்டத் தொழிலாளி பட்ட துன்பம் எழுத்தில் ஏறிய பிறகே சட்டம் அசைந்தது. 1876இல் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் குடியேறிகளைக் காக்கும் சட்டம் பிறந்தது. சஞ்சிக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி மலாயாவுக்கு ஓர் இந்திய ஏஜெண்ட் வந்தார். அவர் தோட்டங்களைப் பார்வையிட்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்.

ஆனாலும் அடி நிற்கவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பள உயர்வை மட்டும் கேட்கவில்லை. பெண்களைத் தொல்லைப்படுத்துவதை நிறுத்த வேண்டும், துரையின் முன் சைக்கிளில் போக உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

இன்று நம் பெண்மக்கள் பலர் முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறார்கள். மறதி நோய் கண்ட பெரியவர் குளிப்பாட்டும்போது கடிப்பார், அறைவார். பார்க்க வந்த உறவினர் கை ஓங்குவதும் உண்டு. "பாவம், வயதானவர்" என்று நம் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. அந்த அடியும் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

எழுதினால் என்ன பயன்? ஓர் அடி தனியாக நின்றால் அது தலைவிதி போலத் தோன்றும். எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, அப்போது வேலையில் எத்தனை பேர் என்று எழுதி, அதை வேலை அட்டவணையோடு ஒப்பிட்டால் காரணம் தெரியும். பெரும்பாலான சம்பவங்கள் இரவில் ஒருவரே வேலை செய்யும் நேரத்தில் நடந்திருந்தால், அங்கே இன்னொரு ஆள் வேண்டும். பெரியவரைப் பழிப்பதற்கு அல்ல, ஏற்பாட்டைத் திருத்துவதற்கே அந்தக் கணக்கு.

சட்டமும் துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2024 ஜூன் 1 முதல் அநேகமாக எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துள்ளது. தனியார் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. வேலையிடத்து மன அழுத்தத்தையும் வன்முறையையும் தடுக்க 2001லேயே அரசு வழிகாட்டி வெளியிட்டது. வேலையில் காயம் பட்டவருக்குச் சொக்சோ இருக்கிறது. அங்கே போகிறவர் கையில், நடந்த நாளும் நேரமும் எழுதிய தாள் இருப்பது நல்லது.

ஒன்றை மறக்கக் கூடாது. செக்ரோல் எப்போதும் கிராணி கையிலேயே இருந்தது. இந்தப் புதிய கணக்கும் நிர்வாகத்தின் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்தால் பயனில்லை. எழுதுவதோடு நமக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்வோம். இன்று இரவு வேலை முடிந்து வரும் மகளிடம் "சாப்பிட்டாயா?" என்று கேட்கும்போது, "அங்கே யாரும் கை வைத்தார்களா?" என்றும் கேட்போம்.