ஆணி நீலமாகும்போது

பழைய சட்டி ஒன்றில் மணலைச் சூடாக்கி, நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப்பசை போகத் துடைத்த ஒரு சின்ன உருக்கு ஆணியை அதில் கிடத்திப் பாருங்கள். பூச்சு பூசிய ஆணி வேண்டாம். வெப்பம் 220 பாகை செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் மஞ்சள் வரும். 255 அளவில் பழுப்பு, 280 அளவில் ஊதா, 300ஐ நெருங்கினால் நல்ல நீலம். இடுக்கியால் எடுத்து ஆறவிட்டால் அந்த நிறம் அப்படியே நிற்கும். கைக்கடிகாரத்தின் நீல முட்களும் பல காலம் இப்படித்தான் நிறம் பெற்றன.

இதில் சாயம் எதுவும் இல்லை. சூட்டில் உருக்கின் மேல் ஒரு ஒக்சைட்டுப் படலம் வளர்கிறது. தடிப்பு, தலைமுடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். படலம் தடிக்கத் தடிக்க ஒளி வேறு வேறு நிறமாகத் திரும்பி வருகிறது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் பார்க்கிறோமே, அதே கதைதான்.

நமக்கு அழகு; கொல்லருக்கோ இதுதான் வெப்பமானி. செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த உருக்கு கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடாக்குவார்கள். கத்தி என்றால் மஞ்சள், பழுப்பில் நிறுத்த வேண்டும். வில்சுருள் என்றால் நீலம் வரை விடலாம். ஒரு நிமிடம் பிந்தினால் கத்தியின் கூர் போச்சு.

இப்போ கண்டிக்கு வருவோம். அரசனுக்காக வேலை செய்த 'பட்டல் ஹத்தர' எனும் நான்கு பட்டறைகளில் 'பிஹா கெத்த' என்ற அலங்காரக் கத்திகள் செய்யப்பட்டன. அவற்றைப் பற்றிப் பேசும் எல்லோரும் யானைத்தந்தப் பிடியையும் வெள்ளி வேலையையும்தான் பேசுகிறார்கள். அலகு உருக்கானது எப்படி?

அதைக் கேட்டவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர், படிப்பால் நிலவியலாளர். கண்டி இராச்சியத்துக்குள் இருந்த பலாங்கொடைப் பக்கத்துக் கிராமங்களில் இரும்பு உருக்கும் முறையை அவர் பதிவு செய்தார். களிமண் குழாய்க்குள் இரும்பையும் ஆவாரை மரத்துண்டுகளையும் அடைத்துச் சூடாக்கினால், மரத்தின் கரி இரும்பில் ஏறி உருக்காகும். 1908இல் வந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. அந்த நேரம் தொழில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 1815இல் அரசு விழுந்ததோடு ஆதரவு போனது. கப்பலில் வந்த மலிவான இரும்பு மிச்சத்தையும் முடித்தது.

1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை வணிக நோக்கில் நடப்பட்டது. அதன் பிறகு மலையகத்தின் கணக்கெல்லாம் கொழுந்தின் எடையில்தான். ஆனால் கவ்வாத்துக் கத்தி சரியாகப் பதம் பிடிக்காவிட்டால் செடியும் கெடும், வெட்டுகிறவரின் தோளும் போகும். அந்தப் பதத்தைக் கண்ணால் அளந்தவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியது?

கைவினை வரலாறு என்றால் பிடியில் உள்ள செதுக்கலை மட்டும் படித்தால் போதாது என்கிறோம். அலகையும் படிக்க வேண்டும். உங்கள் ஊரில் இன்னும் ஒரு கொல்லர் பட்டறை இருந்தால், எந்த நிறத்தில் நிறுத்துவார் என்று கேட்டு எழுதி வையுங்கள்.