திமிஷ்க் நகரின் நூற்பட்டியல்

ஹிஜ்ரி 656ஆம் ஆண்டில் (கி.பி. 1258) ஹுலாகுவின் படைகள் பக்தாதில் புகுந்தன, கிதாபுகளை அள்ளித் தஜ்லா நதியில் எறிந்தன, மையினால் நதிநீர் கறுத்தோடிற்று. மீலாது மேடைகளில் இதனை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருக்கிறோம். அன்றோடு முஸ்லிம்களின் நூற்செல்வம் அழிந்தொழிந்தது என்று முடிப்பதும் நம் வழக்கமாகிவிட்டது. பக்தாத் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல யாராலும் இயலாது. ஆயினும் அந்த முடிவுரையை மட்டும் நாம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவ்வழிவில் சிறைப்பட்ட சிறுவர்களுள் ஒருவர் இப்னுல் ஃபுவத்தீ. அப்போது அவருக்கு ஏறத்தாழ 14 வயது. பின்னர் அவர் அறிஞர் நஸீருத்தீன் தூஸீயிடம் சேர்ந்து, மராகா வானாய்வுக் கூடத்தின் நூலகத்தைப் பேணினார். அதன்பின் பக்தாதுக்கே திரும்பி முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவின் நூலகராக அமர்ந்தார். கி.பி. 1234இல் திறக்கப்பட்ட மதரஸா அது. எல்லாம் நதியோடு போயிற்றென்றால், அங்கே அவர் காத்தது எதனை?

பக்தாத் வீழ்ந்த ஈராண்டில், கி.பி. 1260இல், திமிஷ்க் நகரும் மங்கோலியர் கைக்குச் சென்றது. அதே ஆண்டில் ஐன் ஜாலூத் போருக்குப்பின் மீண்டது. அந்நகரின் உமையாப் பள்ளிவாசலை அடுத்து, கி.பி. 1237இல் மறைந்த ஐயூபி மன்னர் மலிகுல் அஷ்ரஃப் மூஸாவின் அடக்கவிடம் இருந்தது. குர்ஆன் ஓதுவோர்க்கென அமைந்த அவ்விடத்தில் ஒரு நூலகமும் இருந்தது. 1270களில் அதன் கிதாபுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார் ஒருவர். அவர் பெயர் அஹ்மது இப்னுல் அன்ஸாரீ. அவர் எழுதிய ஏடு இன்றும் இஸ்தான்பூலில் இருக்கிறது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் கொன்ராட் ஹிர்ஷ்லர் அதனை ஆராய்ந்து, 2016இல் நூலாக வெளியிட்டார்.

நூற்பட்டியல் என்றதும் நம் ஆலிம்களுக்கு இப்னு நதீமின் 'ஃபிஹ்ரிஸ்த்' நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) பக்தாதில் இயற்றப்பட்ட அரிய நூல் அது. எனினும் ஆசிரியர் தாம் அறிந்த நூல்களையெல்லாம் கூறுவாரேயன்றி, அவை எந்த அலமாரியில் இருந்தன என்று கூறுவது அவர் நோக்கமன்று. திமிஷ்க் பட்டியலோ ஓர் அறைக்குள் இருந்தவற்றை மட்டும் சொல்கிறது. நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல். சில நூலகங்களுக்கு லட்சக்கணக்கில் கணக்குக் கூறும் பழைய வரலாற்றாசிரியர்களின் பெருமிதத்தைவிட, எண்ணி எழுதப்பட்ட இந்த இரண்டாயிரம் நமக்குப் பெரிதாகப்படுகிறது.

பட்டியலின் முறையும் நோக்கத்தக்கது. முதலில் தலைப்பின் முதலெழுத்து வரிசை. அதன்கீழ்ப் பெரிய அளவு நூல், சிறிய அளவு நூல் என்ற பிரிவு. பிறகு பொருள் வகை. கேட்டவர்க்கு நூலை உடனே எடுத்துத் தர வேண்டிய ஒருவர் வகுத்த முறை இது என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏட்டறிவு மட்டும் உடையவர்க்கு அளவைப் பற்றிய கவலை எழாது.

அடக்கவிடத்து நூலகமாயிற்றே, ஃபிக்ஹும் ஹதீஸும் மட்டுமே இருந்திருக்கும் என்று எண்ணுவோர் வியப்படைவர். அங்கே கவிதையின் பங்கு மிகப் பெரிது. முதனப்பீயும் அபூதம்மாமும் அங்கிருந்தனர். மருத்துவம் இருந்தது. புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர் இப்னுல் பவ்வாபின் கைப்பட எழுதிய படிகள் இருந்தன. ஸுன்னி மன்னர் ஒருவரின் கப்ரு அருகே, ஷியாக்கள் போற்றும் துஆத் தொகுப்புகளும் அலமாரியில் இருந்தன! அவற்றை விலக்கவேண்டுமென்று பட்டியலிட்டவருக்குத் தோன்றவில்லை. இன்று நம்முள் சிலருக்குத் தோன்றக்கூடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்கவேண்டும். அதே மன்னர் அதே நகரில் நிறுவிய தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யா வேறு. இந்த அடக்கவிடம் வேறு. அந்தத் தாருல் ஹதீஸின் தலைமை ஆசிரியராக விளங்கியவர்தாம், நம் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் 'மின்ஹாஜ்' நூலை இயற்றிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள். பக்தாத் வீழ்ந்து ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், கி.பி. 1267இல், அப்பொறுப்பை ஏற்று, ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறையும்வரை அங்கே பாடம் நடத்தினார்கள். இப்னுல் அன்ஸாரீ கிதாபுகளை எண்ணிக்கொண்டிருந்ததும் அதே பத்தாண்டில், அதே நகரில்தான்.