பந்தயக் கார் உடற்கூடும் விதிமாற்றங்களும்

மூக்கு, இறக்கைகள், பக்கவாட்டுப் பகுதி, அடித்தளம் ஆகியவை சேர்ந்ததே பந்தயக் காரின் உடற்கூடு. எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போவதோடு, அதே காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அமுக்கிப் பிடிப்பதும் இதன் வேலை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தின் சன்னலில் கை நீட்டித் திட்டு வாங்கிய எந்தச் சிறுவனுக்கும் இதன் அடிப்படை தெரியும். உள்ளங்கையின் முன்விளிம்பைச் சற்றே தூக்கினால் காற்று கையை மேலே தள்ளும். தாழ்த்தினால் கீழே அமுக்கும். காரின் இறக்கை அப்படித் தாழ்த்திய கைதான்.

'கிராண்ட் பிரீ' என்பதற்குப் புதுச்சேரிக்காரர்களிடம் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பெரும் பரிசு. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1906இல், லெ மான் அருகே முதல் கிராண்ட் பிரீ நடந்தது. அன்றைய விதியின் கவலை எடை: கார் 1,000 கிலோவைத் தாண்டக்கூடாது. காற்று விதிப்புத்தகத்துக்குள் வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1968இல் ஃபார்முலா ஒன் கார்களுக்கு இறக்கை முளைத்தது. விரைவிலேயே அது மெல்லிய கம்பிகளின்மேல் ஓட்டுநர் தலைக்கும் மேலே உயர்ந்தது. 1969 மே மாதம் பார்சிலோனாவில் லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும் இறக்கை முறிந்து, கிரகாம் ஹில்லும் யோகன் ரின்ட்டும் விபத்தில் சிக்கினார்கள். அதே மாதம் உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன.

வடிவமைப்பாளர்கள் அடித்தளத்துக்குக் குனிந்தார்கள். காருக்கு அடியில் காற்றை வேகமாக ஓடவிட்டால் அழுத்தம் குறைந்து கார் தரையோடு ஒட்டும். பக்க ஓரங்களில் தரையைத் தொடும் தடுப்புகள் வைத்த லோட்டஸ் 79 காரில் மரியோ ஆன்ட்ரெட்டி 1978இல் உலக வாகையரானார். 1981இல் அத்தடுப்புகள் நகரக்கூடாது, தரைக்கும் காருக்கும் 6 செ.மீ. இடைவெளி வேண்டும் என்று விதி வந்தது. இடைவெளியை அளப்பதோ கார் நிற்கும்போது. பிரபாம் அணியின் கார்டன் மரே, வேகம் கூடும்போது தானே தாழ்ந்து, வேகம் குறைந்ததும் எழும் காரைச் செய்தார்! இந்த வரலாற்றிலேயே மிக அழகான விடை அது என்பேன். 1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமாயிற்று.

இதற்கிடையே தமிழ்நாட்டில் பந்தயம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் வளர்ந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாயிற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. தடம் திறக்கப்பட்டது. கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். 2005இல் நரேன் கார்த்திகேயனும் 2010இல் கருண் சந்தோக்கும் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார்கள்.

ஃபார்முலா ஒன்னில் இறக்கைகளால் ஒரு தீராத தொல்லை உண்டு. முன்னே போகும் கார் காற்றைக் கலக்கிவிட, பின்னால் வருபவரின் இறக்கைக்குப் பிடி கிடைக்காது; வளைவில் நெருங்க முடியாது. இதைத் தீர்க்கவே 2022 விதிகள், காருக்கு அடியில் காற்றை வேகமாக ஓடவிடும் அடித்தளச் சுரங்கங்களைத் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் அவற்றால் கார்கள் நேர்ப்பாதையில் துள்ளத் தொடங்கின. அதைக் குறைக்க 2023இல் அடித்தள ஓரங்களை 15 மி.மீ. உயர்த்தினார்கள்.

2026 விதிகளில் மின்சக்தியின் பங்கு ஏறக்குறைய பாதியாகிறது. நீண்ட நேர்ப்பாதையில் மின்கலம் தீர்ந்துபோகாதிருக்கக் காற்றின் இழுவை குறைய வேண்டும். அதனால் முன், பின் இறக்கைத் தகடுகள் நேர்ப்பாதையில் படுத்தும் வளைவில் நிமிர்ந்தும் கொடுக்கின்றன. காரின் அகலம் 2,000 மி.மீ.யிலிருந்து 1,900 ஆகிறது. அடித்தளம் மீண்டும் பெருமளவு தட்டையாகிறது. 1969இல் தடைபட்ட அசையும் இறக்கை 57 ஆண்டுகளுக்குப் பின் முழு உரிமையோடு திரும்புகிறது.

உரசும் தூரத்தில் கார்கள் ஓட வேண்டும் என்பதற்காக இத்தனை பாடு. அந்த ஓட்டத்தை இருங்காட்டுக்கோட்டையில் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயத்தில் பார்க்கலாம். முன்னவர் கிழித்த காற்றின் நிழலில் ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமாக வருவார்கள். அந்தக் கார்களுக்கு இறக்கையே கிடையாது.