ஊசி போட்டும் கொரோனா வந்துச்சே!

2021 மே மாசம், இரண்டாம் அலை. எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கேள்வி: "ஊசி போட்டவங்களுக்கும் வருதே, அப்புறம் எதுக்குப் போடணும்?"

பதில் வேலூர்லயே இருந்தது. சிஎம்சி மருத்துவமனை தன் ஊழியர்களையே கணக்கெடுத்தது. சுமார் 10,600 பேரில் 8,991 பேர் ஏப்ரல் கடைசிக்குள் ஊசி போட்டிருந்தாங்க, பெரும்பாலும் கோவிஷீல்டு. போடாதவங்களோட ஒப்பிட்டா, ரெண்டு டோஸ் போட்டவங்களுக்குத் தொற்று 65% குறைவு. அட்மிட் ஆனது 77% குறைவு. ஆக்சிஜன் தேவைப்பட்டது 92%, ஐசியு போனது 94% குறைவு.

நோய் கடுமையாக ஆக, பாதுகாப்பும் கூடுது, கவனிச்சீங்களா? நாமதான் முதல் எண்ணை மட்டும் வச்சு சண்டை போட்டுட்டு இருந்தோம். இது ஒரே ஆஸ்பத்திரியோட கணக்குதான், ஒத்துக்கிறேன். ஆனா அதுவரை அங்கே கொரோனாவில் இறந்த ஒரே ஊழியர், பல இணைநோய்கள் இருந்தவர். ஊசி போடாதவர்.