விடையின் விலை

மக்கள் பிரதிநிதிகள் எழுப்பும் வினாக்களுக்கு விடை தேடுவதற்கே அரசுப் பணம் வீணாகிறது என்ற குறைகூறல் புதிதன்று. ஒரு வினா வந்ததும் தலைமைச் செயலகம் முதல் வட்ட அலுவலகம் வரை கோப்புகள் நகர்கின்றன, பதிவேடுகள் புரட்டப்படுகின்றன. இச்செலவு மெய்யானதே. ஆயினும் இந்திய மன்றங்களில் வினாவுரிமை வளர்ந்த வரலாற்றை நோக்கினால், கணக்கில் ஏறாத வேறொரு செலவும் புலப்படும்.

1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டமே உறுப்பினர்க்கு வினா எழுப்பும் உரிமையை முதலில் வழங்கியது. விடையை விவாதிக்க இடமில்லை, துணைவினாவும் இல்லை. 1893 பிப்ரவரியில் பிங்கா ராஜா எழுப்பிய முதல் வினா, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பொருள் வழங்குவதால் கிராமக் கடைக்காரர் படும் இன்னல் குறித்தது. அந்த இன்னலுக்கும் ஒரு விலை இருந்தது. அதைச் செலுத்தியவர் கடைக்காரர்.

1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாயை முதலிட்டது. இது குறித்து மக்களவையில் வினாக்கள் எழுந்தன. ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி விடாது துருவினார். எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். வினா எழாதிருந்தால் மிஞ்சியிருப்பது சில எழுத்தர்களின் உழைப்பு. மறைந்தே போயிருப்பது காப்பீட்டுதாரர் பணத்தின் கதை.

‘தகவலைத் திரட்ட ஆகும் காலமும் உழைப்பும் பயனுக்கு ஈடாகா’ என்னும் பொருள்பட விடையளிப்பது நம் அமைச்சகங்களுக்குப் பழகிய மரபு. பிரிட்டனில் இதற்கு ஒரு தொகையே வகுத்தனர்: 2012இல் 850 பவுண்டு. அதற்கு மேற்படின் அமைச்சர் விடை மறுக்கலாம். இரு நாட்டிலும் செலவை மதிப்பிடுவது வினவப்படும் துறையே என்பதுதான் இடர். தராசு, எடைபோடப்படுபவர் கையில் இருக்கிறது.

அச்சிட்ட அறிக்கையிலேயே கிடைக்கும் விவரத்தை வினாவாக்கும் உறுப்பினரும் உண்டு. அவர்களைத் திருத்த நூலகம் போதும். ஆனால் செலவைக் காரணம் காட்டும் துறை, அச்செலவு எவ்வளவு என்பதையும், கைவசம் உள்ள விவரம் எது என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டது. விடையின் செலவு அரசின் ஏட்டில் விழுகிறது. மௌனத்தின் செலவோ கேள்வி கேட்க வழியற்றவர் தலையில் விழுகிறது. இரண்டையும் ஒருசேர வைத்தே எடைபோட வேண்டும்.