பாளையங்கோட்டைப் படையின் தாங்காப் பயணம் (1914): பயிற்சியும் பழியும்

முன்னுரை

முதல் உலகப் போரின்போது இந்தியக் காலாட்படையினர் பிரான்சு, மெசபத்தோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய களங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாண வீரர்களைக் கொண்ட 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று. 1914 நவம்பரில் செருமானிய கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியா) தாங்காத் துறைமுகத்தில் இப்படை சிதறிப் பின்வாங்கியது. தென்னிந்தியர் இயல்பிலேயே போருக்கு உரியவரல்லர் என்பதற்கு அந்நிகழ்வு சான்றாகக் காட்டப்பட்டது. அவ்வீரர் பெற்ற பயிற்சியையும் மேற்கொண்ட கடற்பயணத்தையும் நோக்குமிடத்து அக்கூற்று பொருந்தாமை புலனாகும்.

போரினக் கோட்பாடும் சென்னைப் படையும்

1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படைக்கும் தலைமை தாங்கிய பிரடெரிக் ராபர்ட்சு, நீண்டகால அமைதியால் தென்னாட்டு வீரர் போர்க்குணம் இழந்தனர் எனக் கருதினார். ஆளெடுப்பு படிப்படியாகப் பஞ்சாபுக்கும் நேபாளத்திற்கும் திரும்பியது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் குறைக்கப்பட்டன. 1903இல் கிச்சனரின் சீரமைப்பின்படி பழைய 3ஆம் சென்னைப் படை 63ஆம் எண்ணைப் பெற்றது. பெருங்களங்களில் ஈடுபடும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களிடமே களப்பட்டறிவு இல்லை என்ற குறையும் காணப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

பயிற்சியும் பயணமும்

மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன் தலைமையில் ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட ‘பி’ படை விரைந்து திரட்டப்பட்டது. அதன் பிரிவுகள் ஒன்றோடொன்று இணைந்து பயின்றவை அல்ல. சில பிரிவுகளுக்குப் புதிய வகைத் துப்பாக்கி புறப்படுவதற்குச் சற்று முன்னரே வழங்கப்பட்டது; கைக்குப் பழகாத கருவியுடனேயே வீரர் கப்பலேறினர். வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் எம்டன் கப்பல் உலவியமையால் பயணம் தாமதமாயிற்று. அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து புறப்படும் முன்பே பலர் கப்பலில் நாள்களைக் கழித்திருந்தனர். நெரிசலும் கடல்நோயும் உடலைத் தளர்த்தின. மாத இறுதியில் ஆப்பிரிக்கக் கரையை நெருங்கிய பின்னரும் நிலத்தில் இறங்கி உடல்தேறவும் பயிலவும் அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை.

தாங்காக் களம்

நவம்பர் 2 அன்று போர்க்கப்பல் ஒன்று துறைமுகத்தை அணுகிச் சரணடையுமாறு கோரியதால் தாக்குதல் முன்கூட்டியே வெளிப்பட்டது. செருமானியத் தளபதி லெட்டோ-வோர்பெக் தொடர்வண்டி வழியே படைகளைக் கொணர்ந்தார். அவரிடம் இருந்தோர் ஏறத்தாழ ஆயிரவரே. எனினும் அவர்கள் அந்நிலத்தை அறிந்து, அதற்கேற்பப் பயின்றவர்கள். நவம்பர் 4 நண்பகல் வெயிலில், அடர்ந்த தோட்டங்களினூடே எந்திரத் துப்பாக்கிகளின் முன் 63ஆம் படை நிலைகுலைந்தது. மறுநாள் படை கப்பலுக்குத் திரும்பியது. இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் எண்ணூற்றுவருக்கும் மேற்பட்டனர். கலைந்தெழுந்த தேனீக்கள் வீரரைக் கொட்டிய செய்தி பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது; அதற்கு முந்தைய கப்பல் வாழ்க்கை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

முதல்நாள் மோதலில் போரினத்தவராக மதிக்கப்பட்ட 13ஆம் ராஜபுத்திரப் படையும் பின்வாங்கியது. ஆகவே இனம் என்னும் அளவுகோல் இத்தோல்வியை விளக்கவில்லை. தென்னிந்திய வீரரை இகழும் மைனர்ட்சகனின் நாட்குறிப்பு 1960இல் நூலாக வெளிவந்தது; அவர் எழுத்துகளின் நம்பகத்தன்மை பிற்கால ஆய்வாளரால் கடுமையாக ஐயுறப்பட்டுள்ளது.

முடிவுரை

தாங்காவில் தோற்றது தென்னிந்தியரின் இயல்பன்று. ஆயத்தமின்றி அனுப்பிய ஏற்பாடே. ஆயினும் பழி வீரர் மீதே நின்றது. 1920களில் சென்னைக் காலாட்படை கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் எழுப்பப்பட்டு, முறையான பயிற்சி பெற்ற சென்னைப் படைப்பிரிவு பர்மியக் களத்தில் போரிட்டு நற்பெயர் ஈட்டியது. வீரரின் திறனைக் களத்தின் ஒரு பகற்பொழுதைக் கொண்டு மட்டும் அளவிடாமல், அக்களத்திற்கு அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட வகையையும் சேர்த்தே அளவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.