விண்டோலாண்டா: குப்பையில் கிடைத்த வரலாறு

ரோமப் பேரரசின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கற்களிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். வெற்றி வளைவுகளும் மதில்களும் கல்வெட்டுகளும் ஆள்வோர் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பியவற்றையே சொல்கின்றன. அவர்கள் சொல்ல நினையாதவற்றை அறிய வேண்டுமாயின் குப்பையைத்தான் கிளற வேண்டும். அத்தகைய குப்பையொன்று 1973ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில், விண்டோலாண்டா என்னும் ரோமப் படைக்கோட்டையில் வெளிப்பட்டது.

பிரிட்டனில் ரோமரின் வட எல்லையாக ஹேட்ரியன் பேரரசர் எழுப்பிய சுவர் கி.பி. 122 அளவில் தொடங்கப்பட்டது. அச்சுவருக்குச் சற்றுத் தெற்கே அமைந்த விண்டோலாண்டாவோ அதற்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 85இல், மரத்தால் கட்டப்பட்ட கோட்டை. ஒரு படைப்பிரிவு இடம்பெயரும்போது பழைய கட்டடங்களை இடித்து, அவற்றின் மேல் களிமண்ணையும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளையும் பரப்பிவிடுவர். அடுத்து வருவோர் அதன்மேல் புதிய கோட்டை எழுப்புவர். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள் அங்கே எழுந்தன. அடியிலிருந்த ஈரமண்ணில் காற்றுப் புகவில்லை. ஆகவே கல்லினும் விரைவில் அழியக்கூடிய மரமும் தோலும் துணியும் அங்கே அழியாது கிடந்தன.

அகழாய்வாளர் ராபின் பர்லியின் கைக்கு முதலில் வந்தவை மரச்சீவல் போன்ற இரு மெல்லிய துண்டுகள். ஒட்டியிருந்த அவற்றைப் பிரித்தபோது உள்ளே மையெழுத்துத் தெரிந்தது. காற்றுப் பட்டதும் அது மங்கிவிட்டது. பின்னர் அகச்சிவப்பு ஒளிப்படங்கள் எடுக்கப்பட்ட பின்னரே எழுத்துகள் மீண்டும் புலப்பட்டன. ஆலன் போமன், டேவிட் தாமஸ் ஆகிய அறிஞர்கள் அவற்றைப் படித்து வெளியிட்டனர். அஞ்சலட்டை அளவுள்ள இவ்வேடுகள் இதுவரை ஆயிரத்துக்கும் மேல் கிடைத்துள்ளன.

இவற்றில் என்னதான் இருக்கிறது? பெரும்போர் எதுவும் இல்லை. ஒருவருக்குக் காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பியதாக ஒரு கடிதம். வீரர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பி வைக்குமாறு கட்டளையிடுங்கள் என்று ஒரு சிறுதலைவனின் வேண்டுகோள். தானியம் வாங்கப் பணம் கேட்கும் வணிகன் ஒருவன், சாலைகள் மோசமாக இருப்பதையும் சொல்லிவைக்கிறான். கிளாடியா செவெரா என்னும் பெண், கோட்டைத் தலைவரின் மனைவியான சுல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, இறுதியில் சில வரிகளை அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள். பெண்ணொருத்தி இலத்தீனில் தன் கைப்பட எழுதிக் கிடைத்தவற்றுள் மிகப் பழையனவாக எண்ணப்படுபவற்றுள் இதுவும் ஒன்று.

மே 18ஆம் நாளிட்ட ஒரு படைக்கணக்கு நம்மைச் சற்று நிறுத்துகிறது. துங்ரியர் படைப்பிரிவில் மொத்தம் 752 பேர். அவர்களுள் 456 பேர் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டனர். எஞ்சிய 296 பேரில் 31 பேர் பணி செய்ய இயலாதவர்கள்: 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயமுற்றோர், 10 பேர் கண்நோயால் வருந்துவோர். கற்களைக் கொண்டு நாம் கற்பனை செய்திருந்த வெல்லற்கரிய ரோமப்படை, அன்றைய நாளில் அக்கோட்டையில் இவ்வளவுதான்.

அந்தப் படையினர் யார் என்பதே இன்னும் முக்கியமான வினா. துங்ரியரும் அவர்களையடுத்து நாம் காணும் படாவியரும் ரோமர் அல்லர். இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்த, ரோமுக்கு அடங்கிய மக்கள். படாவியர் கி.பி. 69இல் ரோமை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர்கள். அக்கிளர்ச்சியை ஒடுக்கிய தளபதி பெட்டிலியஸ் செரியாலிஸ். விண்டோலாண்டாவின் படாவியர் தலைவர் பெயரோ ஃபிளாவியஸ் செரியாலிஸ்! ஒடுக்கியவரின் பெயரே ஒடுக்கப்பட்ட குடியில் வழங்கியது எனலாம். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், தம் மாமனார் அக்ரிகோலா பிரிட்டனில் நடத்திய போரைக் கூறுமிடத்து, படாவியரும் துங்ரியருமே முன்னணியில் நிறுத்தப்பட்டதையும், ரோமரின் குருதி சிந்தாமல் பெறும் வெற்றி பெரும்புகழ் தரும் என்று எண்ணப்பட்டதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

இப்பின்னணியில் மற்றோர் ஏட்டைப் படிக்கையில் மனம் கனக்கிறது. பிரிட்டானியரின் போர்முறை பற்றிய சிறு குறிப்பு அது. அவர்களிடம் கவசம் இல்லை, குதிரைவீரர் வாளைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிவரும் எழுத்தர், இறுதியில் அவர்களை 'பிரித்துங்குலி' என்கிறார். 'அற்பப் பிரிட்டானியர்' என்று பொருள்படும் இழிவுச் சொல். எழுதியவர் யாரென்று பெயர் இல்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு முன் தோற்கடிக்கப்பட்டவர்களின் பாசறையில்தான் இச்சொல் கிடந்தது. பேரரசு தான் வென்றவர்க்கு ஆயுதத்தை மட்டுமன்று, தன் ஏளனத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இங்கே உண்டு. கோட்டையிலிருந்தோர் வாங்கிய பொருள்களின் கணக்கொன்றில், துண்டு, கொழுப்பு முதலியவற்றோடு, தாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவனுக்கு மிளகு 2 தெனாரியஸ் என்று எழுதப்பட்டுள்ளது. ரோமர் விரும்பிய மிளகின் தாயகம் நம் மேற்குத்தொடர்ச்சி மலை. யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். காம்பாக்ஸின் மிளகு முசிறித் துறையில் ஏறியதுதான் என்று மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் புலவர் கண்ட வணிகத்தின் மறுமுனை எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை அந்த ஒற்றை வரி காட்டிவிடுகிறது. புலவர் கலத்தைக் கண்டார். குப்பை, அதை உண்டவனின் பெயரைக் காட்டியது.

கி.பி. 105 அளவில் படாவியர் டான்யூப் நதிப்பக்கம் அனுப்பப்பட்டபோது, வேண்டாத ஏடுகளைத் தீயிலிட்டுச் சென்றனர். அத்தீயை மழை அணைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அன்று ஈரம் காத்ததை இன்று வறட்சி அழிக்கத் தொடங்கியிருக்கிறது. அருகிலுள்ள மாக்னா கோட்டையில், தட்பவெப்ப மாற்றத்தால் மண் உலர்ந்து காற்றுப் புகுவதால், புதைந்துள்ளவை அழியுமுன் எடுத்துவிட 2023 முதல் அகழாய்வு நடந்து வருகிறது. மதில்கள் இன்னும் பல நூற்றாண்டு நிற்கும். காலுறை அனுப்பியவனும் மிளகு வாங்கியவனும் பிறந்தநாளுக்கு அழைத்தவளும் எழுதியவை அவ்வாறு காத்திருக்கமாட்டா.